கீழ்ப்பல்

"ஏட்டி ஜிஜி! எம்பிள்ளைக்க பல்லு எங்கட்டி?"

பக்கத்து வீட்டு ஸ்மிதா போட்ட சத்தத்தில் குன்னத்துகால் முக்கில் பஸ்ஸுக்கு நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

முற்றத்தில் மகன் தீபுவுக்கு நனைத்த பனியனை மாட்டிக்கொண்டிருந்தாள் ஜிஜி. "என்ன பல்லு அக்கா?"

"நடிக்காத. அகிலேஷுக்கு முதல் பல்லு விழுந்திருக்கு. எங்கலேன்னு கேட்டா, 'தீபு வீட்டுல'ன்னு மட்டும் சொல்லுதான். பிறகு வாயே திறக்கல்ல. எங்க கூரையில எறிய வேண்டிய பல்லு உனக்கு எதுக்காக்கும்?"

"எனக்கெதுக்கு?"

"செய்வினைக்கு! உம்பிள்ளைக்க சீக்கு எம்பிள்ளைக்கு மாறட்டும்னுதானே?"

ஜிஜிக்கு முகம் சிவந்தது.

தீபுவுக்கு ஏழு வயது. மேலே கூராக இரண்டு பல், கீழே வெறும் ஈறு. தலையில் பூனைமுடி. வியர்க்காது, வெயில் ஏறினால் உடம்பு கொதிக்கும். அதனால்தான் நனைத்த பனியன்.

"அக்கா, நூறு தடவை சொல்லியாச்சு. இது ஒட்டுற சீக்கு இல்ல. பல்லு, முடி, தோலு எல்லாம் வயித்துக்குள்ள உருவாகும்போதே ஜீன்ல வந்த பிழைன்னு டாக்டர் சொன்னாரு. செய்வினையில வரவும் செய்யாது, போகவும் செய்யாது."

"டாக்டர் கதை எங்கிட்ட வேண்டாம். இந்தப் பிள்ளைகிட்ட விடாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் பாவம் பாத்து அனுப்பினேன்."

"பாவம் பாத்தா? நான் காசு வாங்காம வாய்ப்பாடு சொல்லித் தாறேன்னாக்கும் அனுப்பினிய!"

"வாயக் குறைட்டி. பல்லத் தா. இல்லேன்னா நாளை முதல் அகிலேஷ் உன் வீட்டுப் படி ஏறமாட்டான். பள்ளிக்கூடத்துலயும் இவன் பக்கத்துல இருக்கமாட்டான்."

ஜிஜி பதறிப்போனாள். தீபுவோடு விளையாட வருகிற ஒரே பிள்ளை அகிலேஷ்.

"மக்கா, நீ எடுத்தியா?"

தீபு தலையைக் குனிந்தான்.

"சொல்லுலே!"

அவன் கண் மட்டும் வீட்டுக் கூரைக்குப் போய்த் திரும்பியது.

"பாத்தியா! கள்ளப்பய!" என்றாள் ஸ்மிதா.

"அடுத்தவன் பல்ல எதுக்குலே எடுத்த?" அவமானத்தில் மகன் முதுகில் ஒன்று வைத்தாள் ஜிஜி. அவன் அழுதுகொண்டே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மறுபடி கையை ஓங்கினாள்.

"மாமி, அடிக்காதீங்க!"

வேலி தாண்டி ஓடிவந்தான் அகிலேஷ். கீழ்வரிசையில் ஒரு பல் இடம் காலியாக இருந்தது.

"நானாக்கும் இந்தக் கூரையில எறிஞ்சது. தீபுவுக்குப் பல்லு முளைக்கணும்னு. அவனுக்கு எறிய ஒண்ணும் இல்லல்லா?"

ஸ்மிதாவின் கை மகன் தோளுக்குப் போனது. அவன் தட்டிவிட்டான்.

"யாருட்டயும் சொல்லாம இருந்தாத்தான் முளைக்கும்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருந்தோம். இப்ப சொல்ல வச்சிட்டியேம்மா... இனி அவனுக்கு எப்படி முளைக்கும்?"