கட்டம் போட்ட மாடன்

"சாமியாட்டத்தைப் பட்டப்பகல்ல, டீக்கடை வாசல்ல ஆடிக் காட்டச் சொல்லுதிய. மாடன் கேட்டான்னா நான் என்ன பதில் சொல்லுவேன், தம்பி?"

வானமாமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வருஷம் முழுக்கத் தாராவித் தோல் பட்டறையில் வேலை. சுடலை மாடன் கோயில் கொடைத் திருவிழாவன்று மட்டும் சாமி.

எதிரே கட்டம் போட்ட வரைபடத் தாளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜஹாங்கீர் கிட்டத்தட்ட அழும் நிலையில் இருந்தான். செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை. வீடியோ கேம் எழுதிக் கேசட்டில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புகிற கம்பெனி. அவன் எழுதிய கேமில் ஏழு வாசல். ஏழாவது வாசலில் காவலுக்கு ஒரு பூதம். அந்தப் பூதம்தான் அவன் வேலையைத் தின்று கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள அசல் பூதம் ஒண்ணு வேணும். இல்லேன்னா கேமைத் தூக்கிக் கடாசிட்டு, என்னைய மறுபடியும் உர மூட்டை எண்ணுற புரோகிராமுக்கே அனுப்பிருவாங்க."

"நீங்க செஞ்ச பூதத்துக்கு என்ன கேடாம்?"

"முதப் பூதம், தாதர்ல ஃபாஸ்ட் டிரெயினை விட்டுட்டு நிக்கிற ஆள் மாதிரி இருக்காம். மேனேஜர் விசாலாக்ஷி மேடம் சொல்லிட்டாங்க. ரெண்டாவது, ஓடவும் தெரியாம நிக்கவும் தெரியாம இருக்காம்."

"மூணாவது?"

"அதை மேடம் வரைக்கும் கொண்டு போகலை. வீட்டுல என் பொஞ்சாதி சபுரா பாத்துட்டு, 'எங்க வாப்பாவை எதுக்கு இதுக்குள்ள போட்டிய?'ன்னு கேட்டுட்டா."

டீக்கடை பிரம்மநாயகம் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

"ஆடிக் காட்டும்வே! பாவம், புள்ள முகம் செத்துப் போய்க் கிடக்கு" என்றார் அவர். ஜஹாங்கீரிடம் திரும்பி, "நாலு வருசமா கொடைக்கு இவருதான் ஆடுதாரு, தம்பி. அதுக்கு முந்தி ஆடுனவரு ரிட்டையர் ஆகி ஊருக்குப் போயிட்டாரு. இவரு ஆடுனா, ஊர்லேர்ந்து வந்த பெரிசுக எல்லாம் 'ஆயிரம் வருசத்து ஆட்டம்லா'ன்னு கன்னத்துல போட்டுக்கிடும். ஏக்தம் பக்கா!"

"கொட்டு இல்லாமக் கால் எழும்பாதுய்யா" என்றார் வானமாமலை. முகத்தில் மட்டும் லேசாக ஆசை எட்டிப் பார்த்தது.

பிரம்மநாயகம் பிஸ்கெட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தார். உள்ளே மிச்சமிருந்த நான்கு பிஸ்கெட்டுகளும் தாளத்தில் சேர்ந்துகொண்டன.

வானமாமலை கண்ணை மூடினார். இடப்பக்கம் மூன்று அடி. நின்று ஒரு முறைப்பு. வலப்பக்கம் இரண்டு அடி. தோளில் ஒரு குலுக்கல். பிறகு சுழன்று ஒரு குதி, தொடையில் ஓங்கி ஒரு தட்டு!

தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வரிசையை மறந்து குலவையிட்டார்கள். ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். "தை பிறக்கட்டும்" என்று சாமியும் பெரிய மனது பண்ணிச் சொன்னது.

ஜஹாங்கீர் வியர்க்க விறுவிறுக்கக் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பினான். ஒரு காலுக்கு ஆறு கட்டம், ஒரு முறைப்புக்கு நாலு. மாடனின் மீசைக்குக் கட்டம் போதவில்லை. பக்கத்துத் தாளில் இடம் வாங்கிக் கொடுத்தான்.

"பெரிய வித்தை அண்ணாச்சி! யாரு சொல்லிக் குடுத்தா?"

"சொல்லிக் குடுக்க எவன் இருக்கான்? பாத்துப் பாத்துப் படிச்சதுதான்" என்று வானமாமலை அடக்கமாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, செம்பூர் ஆபீசில் விசாலாக்ஷி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் மாடன் மூன்று அடி நடந்து முறைத்தான். மேடம் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

"எங்கேர்ந்து பிடிச்சேள் இதை? மண்ணோட வாசனையே அடிக்கறதே! பந்தயம் கட்டறேன், லோகத்துல வேற எந்த வீடியோ கேம்லயும் இப்படி ஒரு ஆட்டம் கிடையாது. இன்னிக்கே லண்டனுக்கு அனுப்பிடுங்கோ."

ஜஹாங்கீருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாட்டுங்காவில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, தாராவிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

வீட்டில் வானமாமலையின் மனைவி செண்பகவல்லி மட்டும்தான் இருந்தாள்.

"அவுக இல்லையே, தம்பி. கொடைக்கு இன்னும் பத்து நாள்தான் கிடக்கு. ஆட்டம் மறந்துரப்பிடாதுன்னு ஒத்திகைக்குப் போயிருக்காக. மெயின் ரோட்டுல நாகூர் கனி பாய் கடை இருக்குல்லா, அங்க."

நாகூர் கனியின் கடையில் கூரை அதிர ஒரே கூச்சல். சுவரோரம் வீடியோ கேம் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஜப்பான் எழுத்துப் போட்ட கடைசி மெஷினில் யாரோ ஒருவன் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டான் என்று கூட்டம் முண்டியடித்தது. அதன் நடுவே வானமாமலை வெறுங்காலோடு, கைகூப்பியபடி நின்றார். திரையில் கோவணம் கட்டிய கொம்பு வைத்த குண்டன் ஒருவன் இடப்பக்கம் மூன்று அடி வைத்தான், நின்று முறைத்தான், வலப்பக்கம் இரண்டு அடி வைத்துத் தோளைக் குலுக்கினான், சுழன்று குதித்துத் தொடையைத் தட்டினான்.

வாசலில் சிலையாக நின்ற ஜஹாங்கீரைப் பார்த்ததும் வானமாமலையின் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, வாங்க! தாராவியிலயே பொறந்தவனுக்கு ஊர்க்கொடையை எவன் காட்டுனான்? நமக்கு வாத்தியார் இவருதான், சப்பான் மாடன். செருப்பைக் கழத்திட்டு உள்ள வாங்க!"