ஸ்வெட்டர் போட்ட ஐஸ்கட்டி

டிசம்பர் மாலை, ஐந்தேகால் மணி. உக்கடத்தில் எங்கள் மாலை வகுப்பின் நடு பெஞ்சில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ஐஸ்கட்டி வெறுமனே கிடக்கிறது. மற்றதில் இன்னொரு கட்டி, அய்மனின் ஊட்டி ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்வெட்டர் சூடு, அதனால் அதுதான் முதலில் உருகும் என்று பதினோரு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டிய விடையை உளறிவிடுவது என் வழக்கம். நேற்று ஒன்பது முறை. டைரியில் கோடு போட்டு எண்ணினேன். இன்று ஒன்றுகூடக் கூடாது. என்னை நம்ப முடியாது என்பதால் சாக்பீஸை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். முதல் தட்டில் கட்டி உருகித் தேங்கிய தண்ணீரில் ஜன்னல் வெயில் ஆடுகிறது. ரம்ஷா ஸ்வெட்டரைப் பிரிக்கிறாள். "அட, இது அப்படியே இருக்குதுங்க மிஸ்!" "ஏன் கண்ணு?" என்கிறேன். மனதுக்குள் ஏழு வரை எண்ணுகிறேன். "ஸ்வெட்டர் சூடு குடுக்கலீங்க. வெளிச்சூட்ட உள்ள உடலீங்க," என்கிறாள் ரம்ஷா மெல்ல. "கரெக்டுங்களா மிஸ்?" "அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" "மிஸ் இன்னைக்குச் சொல்ல மாட்டாங்க, உடு!" என்று அய்மன் சிரிக்க, வகுப்பே சிரிக்கிறது. லேசாக நனைந்த ஸ்வெட்டரை உதறியபடி அவனே கேட்கிறான்: "ஏனுங்க மிஸ், ரெண்டு ஸ்வெட்டர் போட்டா ரெண்டு மடங்கு நேரம் தாங்குங்களா?" யோசிக்கிறேன். மறைப்பதற்கு என்னிடம் விடையே இல்லை. சாக்பீஸைப் பிடித்த விரல்கள் தளர்கின்றன. "எனக்கும் தெரியலையே," என்கிறேன். பின் பெஞ்சில் சமீரா அதற்குள் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.