நொண்டி வண்டி

"எறங்கு நைனா! மேல நீ குந்திகினு இருந்தா கீழ நான் எப்பிடி வேலை பாக்கிறது?"

ஷெட் குழிக்குள்ளிருந்து மெக்கானிக் வேம்புலி காலையிலிருந்து இதையே கத்திக்கொண்டிருந்தான்.

மேலே காருக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் வரதன் அசையவில்லை. மடியில் துண்டை விரித்துப் போட்டிருந்தான். "ஆடாம கீறேன் அண்ணாத்தே, நீ பாரு" என்றான்.

பெரிய துரை இவன்! கரையான்சாவடியில் எத்தனை டிரைவர்கள் இந்த ஷெட்டுக்கு வந்திருப்பார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள், பல்பு பிடிப்பார்கள். இப்படி நோகாமல் நுங்கு தின்கிற ஆளை வேம்புலி பார்த்ததில்லை. டீயைக்கூட ஜன்னல் வழியாகத்தான் வாங்கிக் குடித்தான்.

வண்டியோ அவனையும் மிஞ்சியது. எவனோ வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்கா கார். பூந்தமல்லி அரிசி மில் முதலாளி திருவேங்கடம் ஆசைப்பட்டு வாங்கியது. கிளச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். மூன்று பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே பெடல்.

எட்டிப் பார்த்த கையோடு வேம்புலி பேர் வைத்துவிட்டான், நொண்டி வண்டி என்று. எதிர் டீக்கடை வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்தது. வரதனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

இப்போது அந்தக் கியர்தான் நழுவுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி உதறி உதறி நகர்கிறது. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மத்தியானம் வருவார். அப்போதும் உதறினால் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிட்டு அம்பாசிடர் வாங்கிவிடுவார்.

"வாங்கட்டுமே! நெல்லூர் வரைக்கும் லாரி ஓட்டினேன்றே. உனக்கு அம்பாசிடரெல்லாம் தூசு."

"லாரி அந்தக் காலம் அண்ணாத்தே. இப்போ அம்பாசிடர் நமக்கு ஆவாது. இது பூட்ச்சின்னா என் பொயப்பும் பூடும்."

ஓட்டத் தெரியாதவனுக்கு ரோடு கோணலாம் என்று முணுமுணுத்தபடி வேம்புலி போல்ட்டுகளைக் கழற்றினான்.

கியர்ப் பெட்டியின் அடித்தட்டை இறக்கியதும் எண்ணெய் கறுப்பாகக் கொட்டியது. தீய்ந்துபோன வாடை. தட்டில் படிந்த மண்டியை வழித்தெறிந்து, சல்லடையைப் பெட்ரோலில் அலசி, திரும்ப மாட்டினான். முதலாளி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து வரவழைத்த டின்னைத் திறந்தால், உள்ளே எண்ணெய் சிவப்பாக இருந்தது. ஆரத்தி கரைத்த மாதிரி.

"நொண்டிக்கு ஆரத்தி வேறயா!" என்று சிரித்துக்கொண்டே புனலில் ஊற்றினான்.

வரதன் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் கம்பியை ஒவ்வொரு இடமாகத் தள்ளிக் காட்டினான். வேம்புலி எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

தான் கைவைத்த வண்டியைத் தானே முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் வேம்புலிக்கு. அந்த மதுரைவீரசாமியே வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டான். கதவைத் திறந்து நின்றான்.

அப்போதும் வரதன் இறங்கவில்லையே! முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. கையை ஊன்றி அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டான். பின்னால் சாக்கில் சுற்றி நீளமாக ஏதோ கிடந்தது. கரும்பாக இருக்கும். உடம்பு வணங்காத ஜென்மம் என்று நினைத்தபடி வேம்புலி ஏறி உட்கார்ந்தான்.

பாரிவாக்கம் ரோட்டில் வண்டி உதறவே இல்லை. வெண்ணெயில் வைத்த கத்தியாக வழுக்கிக்கொண்டு போனது. வேம்புலிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் வரதன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

திருப்பத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது.

வேம்புலியின் இடது கால் பழக்கதோஷத்தில் கிளச்சை மிதித்தது. கிளச் ஏது? அந்த இடம் வரைக்கும் நீண்டிருந்தது அகலமான பிரேக் பெடல்.

கார் அறைந்தாற்போல் நின்றது. வேம்புலியின் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. வரதன் ஊன்றிக்கொள்ள முடியாமல் சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தான்.

ஐயோ என்று வேம்புலி அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். துண்டு எங்கோ போயிருந்தது. வேட்டி ஒதுங்கியிருந்தது.

இடது தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை.

பின்னால் சாக்கு அவிழ்ந்து, கக்கத்தில் வைக்கிற கட்டையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

மாட்டு வண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். வேம்புலிக்குக் காலையிலிருந்து பேசிய பேச்சையெல்லாம் நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

வரதன் வேட்டியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எடது காலை மடிச்சி வெச்சிக்கோ அண்ணாத்தே. இந்த வண்டிக்கு ஒரு காலு போதும்."

வேம்புலி மடித்து வைத்துக்கொண்டான். அப்படியே ஷெட் வரைக்கும் ஓட்டி வந்தான்.

குழிக்குப் பக்கத்தில் திருவேங்கடம் வந்து நின்றிருந்தார். அந்தப் பேர் அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "இன்னா வேம்புலி, உன் நொண்டி வண்டி தேறுமா?"

"உதறல் சுத்தமா நின்னுபோச்சு மொதலாளி. குந்திப் பாருங்க, உங்களுக்கே தெரியும். அந்தப் பேரு மட்டும் வேணாம்."

வரதன் கட்டையை எட்டி எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தான். வேம்புலி சுற்றிப் போய் வெளியிலிருந்து கதவை அழுத்திப் பிடித்தான்.

"நீ இன்னாத்துக்கு எறங்குறே? குந்து. டீ நான் எடுத்தாறேன்."