அவை ஊர்ந்த பக்கம்

தம்பி குளித்த நீச்சல்குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள் அக்கா. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. தம்பிக்கு அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சாதாரணமாக அமீபாக்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். இவை எல்லாமே இடப்பக்கம் ஊர்ந்தன. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்தாள். அவையும் திரும்பி, மறுபடி இடப்பக்கமே ஊர்ந்தன. அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, தம்பி கிடக்கும் ஆஸ்பத்திரி.

"இன்னும் அவனை விடமாட்டீங்களா?" என்று அழுதாள்.

கூட வேலை பார்ப்பவள் வந்து குனிந்து பார்த்தாள். "அழுகையில மறந்துட்டீங்களாக்கா? இதுல இடமும் வலமும் மாறித்தானே தெரியும். நெசத்துல இதுங்க இந்த வலப்பக்கம்ல போகுது."

வலப்பக்கம் அவள் வீடு இருந்தது. மாமாவோடு அதே நீச்சல்குளத்தில் குளித்துவிட்டு வந்த அவள் மகன் வீட்டில் இருந்தான்.

போன் அடித்தது.

"அம்மா, காலையிலேர்ந்து ஒரே தலைவலி. சீக்கிரம் வர்றியா?"

அவள் தகட்டை இன்னொரு தடவை திருப்பி வைத்தாள். அவை பொறுமையாகத் திரும்பின.