கல்லில் வைத்த கை

மேடைமேல் சாய்ந்து நிற்கும் அந்தப் பழங்கால நெடுங்கல்லைத் தாங்கிப் பிடிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் எல்லோரும் வருகிறார்கள். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏற வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற வழுக்கைத்தலையர் கல்லிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. "சார், நாங்களும் எடுக்கணுமில்ல?" என்றார் அப்பா. "மொதல்ல நீங்க கைய வைங்க" என்றார் அவர். அப்பா வைத்ததும் அந்த மனிதர் தன் கையை உருவிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து வேனுக்கு ஓடினார். நான் போட்டோ எடுத்தேன். "போதும், வாங்கப்பா." அப்பா வரவில்லை. "டேய், இது என் கையிலதான்டா நிக்குது" என்றார். சிரித்தேன். அவர் மறுகையையும் கல்லில் ஊன்றியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "நான் புடிக்கவா?" "நீ கிட்டயே வராத." கல்லின் நிழலில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தது, கைக்குழந்தை தூங்கியது. எழுந்துவிடுங்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "மூவாயிரம் வருஷமா நிக்குது தம்பி. உங்கப்பாவா புடிச்சிட்டிருந்தாரு?" என்று சிரித்தார் அந்தக் குடும்பத்துக்காரர். "விளையாடாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று வந்த அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். வெயில் தாழும்போது, தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்காத ஒரு ஜோடி வந்தது. "சார், கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நாங்களும் ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்றான் மாப்பிள்ளை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி, அப்பாவின் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னை வண்டியில் போய் ஏறச் சொன்னாள்.