ஒரு கீறல்கூடக் கிடையாது

“அங்கிள், எங்க அப்பா வண்டிய இடிச்சிட்டேன். எட்டு மணிக்குள்ள சரி பண்ணிக் குடுங்க, ப்ளீஸ்!”

துலுக்கானம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எதிரே நின்ற பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அவள் கையில் கார் சாவி இருந்தது.

“மொதல்ல உக்காரு பாப்பா. இன்னா வண்டி?”

“ஜெலோனா. அதுக்கு உங்ககிட்ட மட்டும்தான் பார்ட்ஸ் கிடைக்குமாமே?”

உண்மைதான். ஜெலோனா கம்பெனி இந்தியாவை விட்டே போய் எட்டு வருடம் ஆகிறது. குமணன்சாவடி எழிலரசி மோட்டார்ஸ் வாசலில் மட்டும் ஜெலோனா பெயர் போட்ட லைட் போர்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பேட்டரியும் சீட் கவரும் விற்றபடி, மிச்சமிருக்கும் ஜெலோனாக்களுக்கு வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தார் முதலாளி துலுக்கானம்.

கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்த மேடை ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள்.

“பேரு?”

“நிஷா.”

“லைசென்ஸு கீதா?”

“எல்.எல்.ஆர். இருக்கு. அடுத்த மாசம் டெஸ்ட்டு. எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்துப் பாத்தேன். தூண் இருந்துச்சு.”

“தூணு டெய்லியும் அங்கதானே இருக்கும்?”

“தூண் பழசுதான் அங்கிள். நான்தான் புதுசு.”

துலுக்கானம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அப்பால இங்க எப்டி கொண்டாந்த?”

“காரையான்சாவடிலேர்ந்து ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தேன். பின்னாடி வந்த ஷேர் ஆட்டோக்காரங்க திட்டுனது இன்னும் காதுல கேக்குது.”

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

“எங்க அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, செத்தேன். பதினோரு வருஷமா ஒரு கீறல்கூட விழாம ஓட்டுறேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. நான் அஞ்சாவது படிக்கும்போது சைக்கிள்லேர்ந்து விழுந்தத இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாரு. இது தெரிஞ்சா டெஸ்ட்டுக்கே அனுப்ப மாட்டாரு.”

“அவ்ளோ பயந்தவ எதுக்கு சாவிய எடுத்த?”

“ஞாயித்துக்கெழம சர்வீஸ் விட்டு எடுத்தாரு அங்கிள். அதுலேர்ந்து வண்டி சும்மா புதுசு மாதிரி ஓடுது. டேஷ்போர்டுல இருந்த பிள்ளையாரக்கூட பழசாயிடுச்சுன்னு கழட்டிட்டாரு. யாரும் தொடக் கூடாதுன்னு சாவிய தலகாணிக்குக் கீழ வச்சுத் தூங்குறாரு. அதான் ஆசை வந்துடுச்சு.”

டீ கிளாஸை எடுக்கப் போன துலுக்கானத்தின் கை பாதியில் நின்றது.

“உங்கப்பா பேரு திருமுருகனா? அம்பத்தூர் எஸ்டேட்ல வேல?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தப் பக்கம் ஜெலோனா மொத்தமே பதினாலு வண்டிதான். அல்லாரு ஜாதகமும் நமக்குத் தெரியும்.”

செருப்புகூடப் போடாமல் அவர் வெளியே ஓடினார். பின்பக்க பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. சிவப்பு லைட் உடைந்திருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல டிக்கியின் மேல் கை வைத்தார்.

“ரொம்ப அடியா அங்கிள்?”

“அடி சின்னதுதான். எனக்குத்தான் கொஞ்சம் வலிக்குது.”

அடுத்தவர் வண்டிமேல் இவ்வளவு பாசமா என்று நிஷாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எட்டு மணிக்குள்ள முடிஞ்சிடும்ல? அப்பா கம்பெனி பஸ் வந்துடும்.”

“எங்க முடியறது? பம்பரு கோயம்புத்தூர்லேர்ந்து வர்ணும். நாலு நாளாவும்.”

நிஷா உடைந்து அழுதாள்.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அங்கிள். உங்க கடைக்கு இன்ஸ்டாவுல ரீல்கூடப் போடுறேன். கையடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

நீட்டிய கையையே துலுக்கானம் பார்த்தார். அடக்கி வைத்த சிரிப்பு வெடித்துவிட்டது.

“ஒரே ஊட்லேர்ந்து எத்தினி சத்தியம்மா வாங்குவீங்க? இப்டி வா.”

கடையின் பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப் போய் ஒரு தார்ப்பாயை இழுத்தார். அதே வெள்ளி நிற ஜெலோனா. மூக்கு நசுங்கி, நம்பர் பிளேட் இல்லாமல் நின்றது. டேஷ்போர்டில் காது உடைந்த பச்சைப் பிள்ளையார்.

“இது எங்க பிள்ளையார்! நான் ஒட்டுனது!”

“வண்டியும் உங்களுதுதான். ஞாயித்துக்கெழம சர்வீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நின்னுகினு இருந்த லாரி பின்னால போய் சொருவிட்டாரு உங்கப்பா. இது ரெடியாவுற வரிக்கும் என்னாண்ட ஒரு வண்டிய கெஞ்சி வாங்கி, நம்பர் பிளேட்ட மாத்தி மாட்டிகினு போனாரு. பொண்ணுக்குத் தெரிஞ்சா மானம் பூடும்னு கையடிச்சு சத்தியமும் வாங்கினாரு.”

நிஷாவின் அழுகை சட்டென்று நின்றது. பதினோரு வருடப் பெருமையின் நசுங்கிய மூக்கை ஆசை தீரப் பார்த்தாள். செல்போனில் நாலு போட்டோ எடுத்தாள். டெஸ்ட்டுக்கு இனி அப்பாவே கொண்டுபோய் விடுவார்!

ஐந்தாவது போட்டோவில் கை நின்றது.

“அப்போ நான் இடிச்சது யாரு வண்டி அங்கிள்?”

துலுக்கானம் ஷோரூம் பக்கம் கையைக் காட்டினார்.

“நீ குந்திகினு இருந்தியே, அந்த மேடையில எட்டு வருசமா நான் தெனம் தொடச்சி வச்சிருந்த வண்டி.”