சோக் தகடு விலகிய கதை

ஒரு பழைய கார். காலைக் குளிரில் அதன் இன்ஜின் கிளம்ப வேண்டுமென்றால், கார்புரேட்டர் வாயிலுள்ள சோக் தகடு காற்றைக் கொஞ்ச நேரம் மறித்து நிற்க வேண்டும். கிளம்பியதும் மரியாதையாக விலகிவிட வேண்டும். அன்றைக்கு அது நகரவே இல்லை.

"மூச்சு முட்டுதுண்ணே, விலகுங்க! இன்னிக்கும் புகை கக்கினா முதலாளி என்னை எடைக்குப் போட்டுடுவார்" என்று இருமியது இன்ஜின்.

"எனக்கென்ன ஆசையா தம்பி? இந்தப் பிள்ளைங்க விட மாட்டேங்கிறாங்களே" என்றது தகடு.

அதைச் சுற்றி ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு கத்தியது: "அண்ணன் போனா நாங்க எங்கே போறது?"

மெக்கானிக் கனகசபை வந்தார். பெட்ரோல் நனைத்த துணியால் பிசுக்கை அழுத்தித் துடைத்தார். தகடு பட்டென்று திறந்துகொள்ள, இன்ஜின் ஜோராக ஓடியது.

தகடு தொண்டையைக் கனைத்தது.

"பார்த்தியா தம்பி, உனக்காக நானே மனசு வச்சு விலகிட்டேன். மாலை கீலை எல்லாம் வேண்டாம்."